யோபு சும்மாவா கும்பிடுதான்?

போன மாதம் எங்கள் ஊர் ஞாயிறு பள்ளியில் யோபு முதல் அதிகாரம் வாசித்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் வசனம் வந்தது. "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"சார், விருதான்னா?"

"சும்மான்னு அர்த்தம்ல."

"அப்ப, யோபு சும்மாவா கும்பிடுதான்னு சாத்தான் கேக்கானா?"

"ஆமா."

"நியாயமாத்தான கேக்கான் சார்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் கேட்டதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம். பைபிளை அதிகம் வாசித்திராதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சாத்தானின் வாதம். யோபு பெரிய பணக்காரன். 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 கழுதை, ஏழு மகன்கள், மூன்று மகள்கள். அவனையும் அவன் வீட்டையும் சுற்றிக் கடவுளே வேலி அடைத்து வைத்திருக்கிறார். தோட்டத்தைச் சுற்றி உடைமுள் வேலி போட்ட மாதிரி ஒன்றும் உள்ளே வராது. இப்படி இருக்கிறவன் கும்பிடாமல் என்ன செய்வான்? வேலியை எடுத்துப் பாரும், அப்புறம் தெரியும் என்கிறான் சாத்தான். பக்தி என்பது கொடுக்கல் வாங்கல்தான் என்று சொல்கிறான்.

இதைத்தான் உள்நோக்கம் என்கிறோம். வயலில் தண்ணீர் பாய்வது எல்லோருக்கும் தெரியும். எந்தக் கிணற்று மோட்டார் ஓடி அந்தத் தண்ணீர் வருகிறது என்பது வரப்பில் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஜெபம், காணிக்கை, உபவாசம், பாடகர் குழு, சபைக் கமிட்டி வேலை எல்லாம் வெளியே பாய்கிற தண்ணீர். மோட்டார் எங்கே ஓடுகிறது என்பதுதான் கேள்வி. இதில் ஒரு சங்கடம், பல நேரம் மோட்டாரின் சொந்தக்காரனுக்கே அது தெரியாது. எனக்கு அது தெரியவந்தது ஒரு வாழைத்தாரால்.

எங்கள் பக்கத்துக் கோவில்களில் அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். (வேதக்கோவிலை, அதாவது கிறிஸ்தவ ஆலயத்தை, நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம்.) அவரவர் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து ஆல்டர் (பலிபீடம்) முன்னால் வைப்பார்கள். வாழைத்தார், இளநீர், பூசணி, முருங்கைக்காய், ஓலைப்பெட்டியில் அரிசி, கருப்பட்டி, காலைக் கட்டிய சேவல், ஒன்றிரண்டு ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். ஐம்பது ரூபாய் முருங்கைக்கட்டு ஆயிரத்துக்குப் போகும். எடுத்தவரே திரும்பக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வதும் உண்டு. சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருப்பவர்கள் அன்றைக்கு ஊருக்கு வந்திருப்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கோவிலுக்கு வருமானம், ஊருக்குக் கொண்டாட்டம்.

அந்த வருஷம் ஒரு செவ்வாழைத்தார். நான் 800 கேட்டேன். எதிர்ப்பக்கம் எங்கள் சித்தப்பா 1,000 என்றார். எங்களுக்குள் ஒரு வேலித் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். 1,500, 2,000, 2,800. கடைசியில் என் வாயிலிருந்து 4,000 வந்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். தார் எனக்கு. வீட்டில் வைத்திருந்ததே அவ்வளவுதான். அதைக் கேட்டு என் மனைவி என்ன சொன்னாள் என்பது இந்தக் கட்டுரைக்கு வெளியே.

பிறகு மைக்கில் எடுத்தவர்கள் பெயரையும் தொகையையும் வாசித்தார்கள். என் பெயர் வரவில்லை. வாசித்தவர் ஒரு வரியைத் தவறவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதன்பின் அசனச் சாப்பாடு. இலையில் சோறும் கறிக்குழம்பும் போட்டுக்கொண்டே வருகிறார்கள், எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த மச்சான் கேட்டான், "ஏன் அத்தான், தார் அழுகலா?"

தார் நன்றாகத்தான் இருந்தது. கோவிலுக்கு 4,000 ரூபாயும் போய்ச் சேர்ந்துவிட்டது. கடவுளுக்குக் கொடுத்தேன் என்றால் அங்கே எனக்குக் குறைந்தது ஒன்றுமே இல்லை. அப்படியானால் இவ்வளவு கோபம் எதற்கு? யாரோ எனக்குத் தரவேண்டியதைத் தராமல் விட்டதுபோல் இருந்தது. அப்போதுதான் புரிந்தது, அந்த 4,000 ரூபாய்க்கு நான் வாங்கப் போனது என்ன என்று.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு, மனுஷர் பார்க்கவேண்டும் என்று தர்மம் செய்கிறவர்களைப் பற்றி, அவர்கள் "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே வரும் சொல், அந்தக் காலத்தில் பற்றுச்சீட்டில் எழுதும் சொல். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை என்று அர்த்தம். என் கதையில் அந்தப் பலனும் கைக்கு வந்து சேரவில்லை, அதனால்தான் கொதிப்பு.

அன்றைக்குப் பிடித்த ஒரு நூல்முனையை வைத்து அப்புறம் பைபிள் கதைகளைத் திரும்ப வாசித்தேன். உள்நோக்கத்தை நேராகத் தேடினால் அகப்படாது. "நான் ஏன் ஜெபிக்கிறேன்?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், நல்ல பதில்தான் வரும். கோபம் எங்கே வருகிறது என்று பார்த்தால் அகப்படுகிறது. பைபிளில் ஆளுக்கு ஆள் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் இரண்டு பேர், செபெதேயுவின் மகன்கள் யாக்கோபும் யோவானும். உமது ராஜ்யத்தில் ஒருவன் வலதுபக்கமும் ஒருவன் இடதுபக்கமும் உட்கார வேண்டும் என்று விண்ணப்பம். மாற்கு எழுதியதில் இவர்களே கேட்கிறார்கள். மத்தேயுவில் அம்மா வந்து கேட்கிறாள். (அம்மாவை முன்னால் அனுப்புகிற பழக்கம் நமக்கு மட்டும் இல்லை போல.) இந்தக் கதையைப் பிரசங்கிக்கிற பலர் இந்த இரண்டு பேரையும் திட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த வசனத்தைப் பாருங்கள்: மற்றப் பத்துப் பேரும் அதைக் கேட்டு எரிச்சலானார்கள். பத்துப் பேருக்கும் அந்த நாற்காலியில் ஆசை இல்லையென்றால் எரிச்சலுக்கு என்ன வேலை? சபைத் தேர்தல் சமயத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்தால், "பதவி ஆசை பிடிச்சு அலையுதானுவ" என்று சத்தமாகச் சொல்கிறவர் யார் என்று கவனிப்பேன். பெரும்பாலும் போன தேர்தலில் தோற்றவர்.

யோனா இன்னும் கொஞ்சம் வேடிக்கை. நினிவே அழியப்போகிறது என்று பிரசங்கித்தான், ஊரே மனந்திரும்பியது. ஒரு பிரசங்கியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? அவனுக்குக் கடுங்கோபம். நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தான். தலைக்கு மேலே ஒரு ஆமணக்குச் செடி முளைத்து நிழல் கொடுத்தது, சந்தோஷப்பட்டான். மறுநாள் அதைப் பூச்சி அரித்துப்போட்டது, செத்துப்போகலாம் என்றான். தமிழ் பைபிளில் அது ஆமணக்கு என்று இருப்பது எனக்குப் பிடிக்கும். நம் வயல் வரப்பில் நிற்கிற செடி, அது பட்டுப்போனதற்காக ஒரு தீர்க்கதரிசி உயிரை விடப் பார்க்கிறான். ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிற ஊரைவிட அவனுக்கு நிழல் பெரிதாகப் போயிற்று. கடவுள் அவனிடம் கேட்பதும் இதைத்தான்: நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?

ராஜாக்களின் இரண்டாம் புஸ்தகம் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரே கதைக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவன் கோபப்பட்டதால் பிழைத்தான், ஒருவன் கோபமே படாமல் கெட்டான்.

நாகமான் சீரியாவின் படைத்தலைவன். குஷ்டரோகம். குதிரையும் ரதமுமாக இஸ்ரவேலின் தீர்க்கதரிசி எலிசா வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். எலிசா வெளியேகூட வரவில்லை. ஆள் அனுப்பி, போய் யோர்தானில் ஏழு தரம் முழுகு என்றான். நாகமானுக்கு வந்ததே கோபம். அவர் வெளியே வந்து நின்று, தம் தேவனைத் தொழுது, கையால் தடவிச் சுகமாக்குவார் என்று நினைத்தேனே! எங்கள் தமஸ்குவின் நதிகள் இஸ்ரவேலின் தண்ணீரைவிட நல்லவை அல்லவா? குறுக்குத்துறையில் தாமிரபரணியில் குளிக்கிறவனைக் கூப்பிட்டு ஓடை வாய்க்காலில் முங்கச் சொன்னால் அவனும் இதையேதான் கேட்பான். சுகம் வேண்டும் என்றுதான் வந்தான், ஆனால் சுகத்தோடு மரியாதையும் வேண்டும் என்பது கோபம் வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. வேலைக்காரர்கள் தன்மையாய் எடுத்துச் சொன்னார்கள். இறங்கி முழுகினான், சுகமானான்.

அவன் கொண்டுவந்த காணிக்கையை எலிசா தொடவில்லை. எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்குத்தான் பொறுக்கவில்லை. ரதத்துக்குப் பின்னாலேயே ஓடினான். ஓடிப்போய்த் தனக்கென்றா கேட்டான்? எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து தீர்க்கதரிசிகளின் புத்திரரில் இரண்டு வாலிபர் இப்போதுதான் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வேண்டும் என்கிறான். இன்றைய பேச்சில், ஊழியத்துக்கு வந்த ஏழை மாணவர்களுக்கு உதவி. நாகமான் தாராளமாய் இரண்டு தாலந்து கொடுத்தான். கேயாசி வாங்கி வீட்டில் வைத்துவிட்டு வந்து எஜமான் முன் நின்றான். எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டதற்கு, "உமது அடியான் எங்கும் போகவில்லை."

கேயாசிக்குக் கோபமே வரவில்லை, கவனித்தீர்களா? அவனுக்குத் தன் நோக்கம் தெரியும். தெரிந்தே தர்மத்தின் பெயரால் மூடினான். பெத்தானியாவில் மரியாள் பரிமளதைலத்தை இயேசுவின் காலில் ஊற்றியபோது, இதை முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்ற யூதாசும் இதே வகை. அவன் சொன்ன வாக்கியத்தில் குறை இல்லை. பணப்பை அவன் கையில் இருந்தது என்பதைச் சேர்த்து எழுதுகிறார் யோவான். இந்த இரண்டு பேரைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. தன்னைத்தான் ஆராயவேண்டும் என்று நினைக்கிறவர் இந்த வகையில் இருப்பது அபூர்வம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் ஒன்றைக் கேட்டுக் கடவுளிடம் போவதே தப்பா என்று பலர் பயந்துபோகிறார்கள். பரீட்சைக்கு ஜெபிக்கக் கூடாதா, பிள்ளை இல்லாதவள் பொருத்தனை (நேர்த்திக்கடன்) பண்ணக் கூடாதா? இந்தப் பயத்தை நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் சீக்கிரம் விடவேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு எங்கள் குடும்பத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் பரவியது ஒரே காரணத்தால் இல்லை. வேதத்தில் (கிறிஸ்தவத்தில்) சேர்ந்ததற்காக வீடு வாசல் இழந்தவர்களுக்கென்று 1799இல் உண்டான ஊர் முதலூர். அங்கே போனவர்களுக்குப் பக்தியும் இருந்தது, அடி விழாத ஒரு இடமும் வேண்டியிருந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அந்தச் சமயம் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வேதத்தில் சேர்ந்தார்கள். கஞ்சித்தொட்டிக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அன்றே தொடங்கி இன்றைக்கும் ஓயவில்லை. இடையன்குடியில் 1841 முதல் ஊழியம் செய்த கால்டுவெல் இதை மறைக்கவில்லை. மக்கள் பலவகை நோக்கங்களோடுதான் வருகிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியவர் அவர்.

எங்கள் ஆச்சியின் தாத்தா அந்தப் பஞ்சத்தில் சேர்ந்தவர் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. கல்லூரியில் எவனோ ஒருவன் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்தான். வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் குதித்தேன். அவள் பனங்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்:

"கஞ்சிக்குத்தான்யா வந்தோம். பசிச்சவன் வேற எதுக்கு வருவான்? கஞ்சி நின்ன பெறவும் போகல பாத்தியா."

யோவான் ஆறாம் அதிகாரத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஐந்து அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் பேர் சாப்பிட்டார்கள். மறுநாள் கூட்டம் படவு ஏறித் தேடி வருகிறது. நீங்கள் அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசு முகத்துக்கு நேரே சொல்கிறார். முந்தின நாள் அவர்களை யோக்கியதை பார்த்து உட்காரவைக்கவில்லை. பசி என்றதும் சோறு போட்டார். நோக்கத்தைப் பற்றிய பேச்சு சாப்பாட்டுக்கு அடுத்த நாள்தான் வருகிறது. அந்தப் பேச்சு பிடிக்காமல் பலர் போய்விட்டார்கள். நீங்களும் போகிறீர்களா என்று பன்னிரண்டு பேரிடம் கேட்கிறார். யாரிடத்தில் போவோம் என்கிறான் பேதுரு. அந்தப் பன்னிரண்டு பேரும் முந்தின நாள் அதே அப்பத்தைத் தின்றவர்கள்தான்.

இயேசு சொன்ன கதையில், சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்த ஊதாரிப் பிள்ளையும் அப்படியே. அப்பா நினைவு வந்தா வீட்டுக்குத் திரும்பினான்? அப்பா வீட்டுக் கூலிக்காரனுக்குக்கூட வயிறு நிறையச் சாப்பாடு, நான் இங்கே பசியில் சாகிறேன் என்றுதான் எழுந்தான். வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு வந்தான். அப்பா அதை முழுக்கச் சொல்லக்கூட விடவில்லை. வயற்காட்டிலிருந்து வந்த மூத்தவன்தான் கோபப்பட்டு வாசலில் நிற்கிறான். இத்தனை வருஷம் உழைத்தேனே, ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா? அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், அவன் வருஷக்கணக்காகப் பேரேடு எழுதி வைத்திருக்கிறான். வீட்டை விட்டு ஒருநாளும் போகாதவன், ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருகிறவன். என்னைப் போன்ற ஆள்.

பழைய ஏற்பாட்டில் வரும் வேறொரு யாக்கோபு பெத்தேலில் செய்த பொருத்தனையும் பச்சையான பேரம்தான். நீர் என்னோடு இருந்து, சாப்பாடும் துணியும் தந்து, சுகமாய் வீடு சேர்த்தால், நீர் எனக்குத் தேவன். பத்தில் ஒன்று தருவேன். நம் ஊர் வாழைச் சந்தையில் பேசுகிற மாதிரி. கடவுள் கோபிக்கவில்லை. இருபது வருஷம் கழித்து, கையில் கோலோடு இந்த யோர்தானைக் கடந்தேன், இப்போது இரண்டு பரிவாரமாய்த் திரும்புகிறேன், இந்தத் தயவுக்கு நான் பாத்திரன் அல்ல என்கிறான். அப்போதும் அவனுக்குத் தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவை நினைத்து உதறல்தான், அதனால்தான் ஜெபம். கலப்படம் முழுக்கப் போய்விடவில்லை. பிள்ளை இல்லாத அன்னாளும் பேரம்தான் பேசினாள், ஆண்பிள்ளை கொடுத்தால் அவனை உமக்கே தருகிறேன் என்று. பால் மறந்ததும் சாமுவேலைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். கேட்டது கிடைத்தவுடன் அதைக் கையிலிருந்து விடுகிற பேரத்தை எந்தச் சந்தையில் பார்க்க முடியும்?

வகுப்பில் அந்தப் பையனுக்கு இந்தக் கோபக் கணக்கை அடுத்த ஞாயிறு சொன்னேன். அவன் விடுவதாக இல்லை.

"அப்ப யோபும் கோவப்பட்டாம்லா சார்? பொறந்த நாளையே சபிச்சான்."

உண்மை. யோபு புஸ்தகத்தின் பெரும்பகுதி அவன் கோபம்தான். ஆடும் ஒட்டகமும் போயிற்று, பிள்ளைகள் போனார்கள், உடம்பெல்லாம் பருக்கள். வருத்தம் விசாரிக்க வந்த மூன்று நண்பர்களும் கடவுளுக்கு வக்கீல் பிடித்துப் பேசுகிறார்கள். யோபு கத்துகிறான். ஆனால் அவன் கோபத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆட்டைத் திருப்பிக் கொடு என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அவரை எங்கே கண்டு சந்திக்கலாம் என்று தெரிந்தால் நலமாயிருக்குமே என்கிறான் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில். கண்டால் வழக்குப் பேசவேண்டும் அவனுக்கு. கடைசியில் கடவுள் நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். வேலி போன பிறகும் இவன் தேடியது வேலியை இல்லை. சாத்தான் கேட்ட கேள்வி யோபின் காதுக்கு வரவே இல்லை. தெரியாமலேயே பதில் சொன்னான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த அளவுகோல் அடுத்தவருக்கு வைக்க ஆகாது. நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். டியூப்லைட்டில் "உபயம்" என்று பெயர் எழுதினவர், கூட்டத்தில் சத்தமாய் ஜெபிக்கிறவர் என்று ஒவ்வொருவராய் அளந்து முடித்தபோது, கோவிலில் நான் மட்டும்தான் மிச்சம் இருந்தேன். பவுல் சிறையிலிருந்து எழுதும்போது, சிலர் பொறாமையினால் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள் என்று தெரிந்தே சொல்கிறார். எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதில் சந்தோஷப்படுகிறேன் என்று முடித்துவிடுகிறார். "என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்கிற 139ஆம் சங்கீதத்திலும் "என்னை" என்றுதான் இருக்கிறது.

போன அறுப்பின் பண்டிகையிலும் ஏலத்துக்குப் போனேன். ஒரு பெட்டி கருப்பட்டி, 600 ரூபாய். சித்தப்பா அன்றைக்கு எதிரே இல்லை, முழங்கால் வலி என்று வீட்டில் இருந்தார். நோட்டில் எழுதுகிறவர், "அண்ணாச்சி, ஒங்க பேரப் போட்டுரட்டா?" என்று கேட்டார். வேண்டாம், பேரில்லாமல் வரவு வையுங்கள் என்று ரூபாயை அவர் கையில் வைத்தேன். நாலு எட்டு நடந்திருப்பேன். யாராவது கவனித்தார்களா என்று கழுத்து தானாகத் திரும்பியது.